விடுமுறையில் நம் பிள்ளைகள்

(கிளியனூர் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

    

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கும் உங்கள் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. சந்தா நிலுவை குறித்தும் மையவாடிச் சுற்றுச்சுவர் குறித்தும் எழுந்த வினாக்களுக்குச் செயலாளர் விடையளித்துவிட்டார். இனி, எந்தப் பற்றுச்சீட்டிலும் இடம்பெறாத ஒரு பொருள் பற்றிச் சிறிது நேரம் உங்கள் கவனத்தை வேண்டுகிறோம். ஏப்ரல் மாதத்தில் தேர்வுகள் முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்படும். ஜூன் மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்படும். இடைப்பட்ட அந்த நாற்பது சொச்ச நாட்களில் நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், என்ன உண்பார்கள், யாருடைய பார்வையில் இருப்பார்கள் என்பதே அப்பொருள்.

விடுமுறையில் ஜமாஅத் என்ன செய்யலாம் என்று கேட்டால், கோடைக்கால தீனிய்யாத் வகுப்பு நடத்தலாம் என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது நடக்கட்டும், நல்லதே. ஆனால் காலை இரண்டு மணி நேர வகுப்பு முடிந்து, பிள்ளை மதரஸாவின் படியிறங்கிய பிறகு மாலை வரை ஒரு நீண்ட பகற்பொழுது கிடக்கிறதே, அது யாருடைய பொறுப்பு? நாம் பேச விரும்புவது அந்தப் பகற்பொழுதைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடம் என்றால் பாடம் என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். பாடம் நாற்பது நாள் நின்றால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. பிள்ளையின் மூளைக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் பாடத்தோடு சேர்த்து வேறு இரண்டையும் பள்ளிக்கூடம் ஓசையின்றித் தந்துகொண்டிருக்கிறது. ஒன்று, ஒரு வேளை வயிறார உணவு. மற்றொன்று, வருகைப் பதிவேடு. ஒவ்வொரு காலையிலும் ஓர் ஆசிரியர் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பிள்ளை 'உள்ளேன் ஐயா' என்கிறது. அந்தக் குரல் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிறார். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில், இன்னார் மகன் இன்ன இடத்தில் இருக்கிறான் என்பது ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. பள்ளி மூடப்படும் நாளில் அந்தப் பதிவேடும் பீரோவுக்குள் போய்விடுகிறது.

இது கோடைக்கு மட்டும் உரிய கவலையும் அன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டொன்றுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாட்கள் என்று வரையறுத்துள்ளது. 365-இல் 220 போனால் மிச்சம் 145. வார விடுமுறை, பண்டிகை, காலாண்டு, அரையாண்டு, கோடை எல்லாம் சேர்ந்தது அது. ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு நாட்கள் பிள்ளைகள் பள்ளியின் கண்ணுக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். அவற்றில் கோடை மிக நீளமானது, வெயிலும் மிகுந்தது.

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் கட்சி வேறுபாடின்றிக் கட்டி எழுப்பிய அரிய ஏற்பாடு இது. ஆனால் இவையனைத்தும் பள்ளி நடக்கும் நாளோடு கட்டுண்டவை. மே மாதத்தில் சத்துணவுக் கூடத்தின் அடுப்பு எரிவதில்லை.

வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்று 2004 ஏப்ரல் 20-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில் பிறந்த ஆணை அது. வயிற்றுக்கு விடுமுறை இல்லை என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எனினும் அதன் எல்லை வறட்சிப் பகுதிதான். மற்ற ஊர்களுக்கு அது பொருந்தாது. 2023-இல் வெயிலின் கடுமை காரணமாகப் பள்ளித் திறப்பு முதலில் ஜூன் 7-க்கும், பின்னர் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சிறிய வகுப்புகளுக்கு ஜூன் 14 என்றும் தள்ளிப் போயிற்று. பிள்ளைகளின் உடல்நலம் கருதிச் செய்தது சரியே. ஆனால் திறப்பு தள்ளிப் போன ஒவ்வொரு நாளும் மதியச் சோறும் சேர்ந்தே தள்ளிப் போயிற்று.

ஏழை நாட்டுக் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு கோடையில் பள்ளி உணவு நின்றுபோகும் பிள்ளைகளுக்காக மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற கால்பந்து வீரர் குரல் கொடுத்தார். முதலில் மறுத்த அரசு பின்னர் இறங்கிவந்து, ஆறு வாரங்களுக்கு உணவுச் சீட்டு வழங்கியது. அமெரிக்காவிலோ 1960-களின் இறுதியிலிருந்தே கோடைக்கால உணவுத் திட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. அங்கே தேவாலயக் கூடங்களிலும் பூங்காக்களிலும் கூட அந்த உணவு பரிமாறப்படுகிறது.

"நம் ஊரில் யார் பட்டினி கிடக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். பட்டினி என்றதும் நாம் வெறும் பானையை நினைக்கிறோம். இது அவ்வாறன்று. காலையில் ஆக்கிய சோற்றை மூடி வைத்துவிட்டுத் தாய் வேலைக்குச் செல்கிறாள். ஆறிப்போன சோற்றைப் பிள்ளை தொடுவதில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்றும், வண்ணத் தண்ணீர் நிரப்பிய ஐஸ் ஒன்றும் மதிய உணவாகிவிடுகின்றன. பள்ளியில் தட்டில் விழுந்த முட்டையும் பருப்பும் காயும் நாற்பது நாட்களுக்குக் காணாமல் போகின்றன. மாவட்டம் முழுவதும் உள்ள எந்த ஊரிலும், வீட்டில் அரிசி இருந்தும் இது நடக்கும்.

இந்த இடத்தில் நாம் கவனித்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாட்கள் குறைவாதலால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து வருவதை அனைவரும் அறிவோம். 2019-இல் நோன்பு மே 7-இல் தொடங்கி ஜூன் 5-இல் பெருநாள் வந்தது. அதாவது, கோடை விடுமுறையின் பெரும்பகுதியை நோன்பு மாதமே மூடிக்கொண்டது.  அந்த நாட்களில் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எந்தத் தாயும் தேட வேண்டியிருக்கவில்லை. அஸருக்குப் பின் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நின்றார்கள். இரவில் பெரியவர்களோடு வந்தார்கள். ஊர் முழுவதும் விழித்திருந்தது. எந்தப் பிள்ளை வந்தது, எது வரவில்லை என்பது யாரும் கணக்கெடுக்காமலே தெரிந்தது.

2025-இல் நோன்பு மார்ச் மாதத்திற்கு வந்துவிட்டது. மேலும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. மறுபடியும் கோடை விடுமுறையைத் தொட அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அப்போது தன் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும் வயதில் இருக்கும். நோன்பு மாதம் தானாகவே செய்து தந்த காரியத்தை, அதுவரை மே மாதத்தில் நாம் திட்டமிட்டுத்தான் செய்தாக வேண்டும்.

அதற்கான பாத்திரம் நம்மிடம் இருக்கிறது. முப்பது நாட்கள் ஊருக்கே கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சா இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. அளவு தெரிந்த சமையற்காரர் இருக்கிறார். 'இன்றைய கஞ்சி இன்னார் வீட்டார்' என்று கரும்பலகையில் எழுதும் பழக்கமும் இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் பச்சரிசி நோன்புக்கு மட்டுமே உரியது. அதனை இதற்குத் தொடக்கூடாது. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 1,600 சாப்பாடு. ஒரு வீட்டார் ஒரு நாளை ஏற்றுக்கொண்டால் நாற்பது வீடுகள் போதும். பிரியாணி வேண்டாம், அதை இப்போதே சொல்லிவிடுகிறோம், ஏனெனில் ஒரு வீட்டார் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு முட்டை. எல்லா நாளும் அதுவே.

அடுத்தது தண்ணீர். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகள் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. நமக்கு அடுத்த கடலூர் மாவட்டத்தில், நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். ஆழமான பகுதியில் சிக்கியவர்களைக் காப்பாற்றக் கைகொடுத்தவர்களும் அவர்களோடு போயினர். ஒரே நாளில் ஏழு உயிர்களைப் பறித்த துயரம் அது. வெயில் கொளுத்துகிறது, பள்ளி இல்லை, தண்ணீர் அருகில் இருக்கிறது, நீச்சல் தெரியாது: இந்த நான்கும் கூடும் ஊர் எதுவாயினும் அங்கே இது நேரலாம்.

நம் வட்டாரத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. ஏரிகள் இருக்கின்றன. சவுடு மண் எடுத்த இடத்தில் தண்ணீருக்கடியில் பள்ளங்கள் மறைந்திருக்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்து செல்லும் பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறுகள் வயல்களில் இருக்கின்றன. வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கமும், திண்டிவனத்திற்குக் கிழக்கே பெருமுக்கல் பக்கமும் கருங்கல் வெட்டிய குழிகள் இருக்கின்றன. வேலை நின்ற கல்குவாரியில் மழைநீர் தேங்கினால் அது ஏரியைப் போன்றதன்று. ஏரிக்குக் கரை சரிவாக இறங்கும். குவாரிக்குச் சுவர் செங்குத்தாக இறங்கும். கால் வைக்கப் படியில்லை, பற்றிக்கொள்ளச் செடியில்லை. மேலே நின்று பார்த்தால் தண்ணீர் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவே பிள்ளைகளை அழைக்கிறது.

முன்னாளிலும் கிணறுகள் இருந்தனவே, பிள்ளைகள் குதித்து விளையாடினார்களே என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அன்று கிணற்றில் இறவை நடந்தது. கிணற்று மேட்டில் எப்போதும் பெரியவர் ஒருவர் நின்றார். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்து, தந்தையோ மாமனோ நீச்சல் பழக்கினார். ஆழ்துளைக் கிணறு வந்தது. திறந்த கிணறுகள் பாழாயின. கிணற்று மேட்டில் நின்ற பெரியவரும் இல்லாமல் போனார். மழை பெய்தால் கிணறு மட்டும் நிரம்புகிறது. நீந்தத் தெரிந்த தந்தைக்கு நீந்தத் தெரியாத மகன் என்பது இந்தத் தலைமுறையில்தான் ஏற்பட்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. இதற்கு வழி கண்ட நாடு எது தெரியுமா? செல்வச் செழிப்புள்ள நாடன்று; நம்மைப்போல் குளமும் குட்டையும் நிறைந்த வங்கதேசம்.

அங்கே கிராமங்களில் இரண்டு காரியம் செய்தார்கள். தாய்மார்கள் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதே தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். அந்தக் காப்பகத்திற்கு 'ஆஞ்சல்' என்று பெயர். வங்கமொழியில் முந்தானை என்பது அதன் பொருள். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கிலால் மேடை கட்டி, அதன்மேல் நிறுத்தி நீச்சல் கற்பித்தார்கள். 2012-இல் வெளியான ஆய்வு முடிவு நம்பவியலாத அளவுக்கு நல்லதாயிருந்தது. காப்பகத்திற்கு வந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் சாவு எண்பது விழுக்காட்டுக்கு மேலும், நீச்சல் கற்ற பிள்ளைகளிடையே தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேலும் குறைந்திருந்தது. ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக 2021-இல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததும், வங்கதேசமும் அயர்லாந்தும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானத்தால்தான்.

மூங்கிலும் குளமும் நம்மிடமும் உள்ளன. ஆகவே இக்கோடையில், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க நிர்வாகக் குழு எண்ணியுள்ளது. ஊராட்சியின் அனுமதியோடு, அடி தெரிந்த, மார்பளவுக்கு மேற்படாத ஓரிடத்தைத் தேர்ந்து, கயிற்றால் எல்லை கட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. இருவர் நீரிலும் ஒருவர் கரையிலும் நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வேறு நேரமும் மறைப்பும் வேண்டும். கற்பிக்கப் பெண்களே வேண்டும். பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்க விரும்புவோர், கெடிலத்தில் இறந்த ஏழு பேரும் பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நீச்சல் தெரிந்தவனும் மூழ்குகிறவனை நெருங்கினால் பிழைப்பது அரிது. பயந்தவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். எனவே ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக அறிய வேண்டியது: எட்டிக் கொடு, எறிந்து கொடு, இறங்காதே. கழி இருந்தால் நீட்டலாம். துப்பட்டா, சேலை, கைலி எதுவாயினும் முடிச்சுப் போட்டு எறியலாம். மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம் ஒரு மனிதனை மிதக்க வைக்கும். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நம் பக்கம் உண்டு. இரண்டும் தவறு, உயிர் காக்கும் நிமிடங்கள் அதில் வீணாகின்றன. மூச்சு நின்ற பிள்ளைக்கு முதலில் தேவை காற்று. வாயோடு வாய் வைத்து ஊதவும், மார்பை அழுத்தவும் சுகாதார நிலையத்தார் கற்றுத் தருவார்கள்; நம் இளைஞர்களில் பத்துப் பேராவது அதைக் கற்றிருக்க வேண்டும். 108-ஐ அழைப்பது ஒருவர் வேலை, ஊதுவது இன்னொருவர் வேலை; இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

நெடுஞ்சாலையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையில் வண்டிகள் செல்லும் வேகம் அனைவரும் அறிந்ததே. தந்தையின் மோட்டார் சைக்கிளைப் பதினைந்து வயது மகன் எடுத்துச் செல்வதைப் பெருமையாகக் கருதும் வீடுகளுக்கு ஒன்று மட்டும்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதற்குப் பெற்றோருக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மகனுக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடையாது.

விடுமுறையில் கடைக்கு அனுப்பினால் நாலு காசும் வரும், பொறுப்பும் வரும் என்ற எண்ணம் நம்மிடையே பழையது. இதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை தன் குடும்பத் தொழிலில், அதுவும் ஆபத்தில்லாத தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் உதவலாம் என்கிறது. தந்தையின் கடையில் கல்லாவருகே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது கல்வியே. பிறர் கடையிலும் பட்டறையிலும் கூலிக்கு விடுவது குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஜூன் மாதத்தில் கையில் காசு பழகிவிட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பாமலே போவதுதான் சட்டத்தைவிடப் பெரிய கவலை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். விடுமுறை என்பது ஆண் பிள்ளைக்கு ஓய்வு. பெண் பிள்ளைக்குப் பெரும்பாலும் வேலை கூடும் காலம். தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாத்திரம் துலக்குவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவள் தலையில் ஏறுகின்றன. தோழியரைக் காண்பது நின்றுவிடுகிறது. பள்ளி நாட்களில் ஆறு மணி நேரம் தன் வயதுப் பெண்களோடு பேசிச் சிரித்தவள், நாற்பது நாட்கள் நான்கு சுவருக்குள் இருக்கிறாள். வீட்டு வேலை கற்பது தவறென்று நாம் சொல்லவில்லை; அண்ணனும் கற்கலாம் என்றுதான் சொல்கிறோம். பெண்கள் பயான் நடக்கும் கூடம் பகல் முழுவதும் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டால் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வருகின்றன. பள்ளி மூடியிருக்கும் வேளையில் வருவதால், தேறாத பிள்ளைக்குத் தோள் தட்டிப் பேச ஆசிரியர் அருகில் இருப்பதில்லை. வீட்டில் ஏச்சு, தெருவில் விசாரிப்பு. முடிவு வரும் நாளில் எந்த வீட்டிலும் போய் "மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்பதில்லை என்று நாம் அனைவரும் ஒப்புக்கொள்ளலாமா? தேறாத பாடத்தைச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வில் எழுதிவிடலாம். அவ்வாண்டே மேல்வகுப்பிலும் சேர்ந்துவிடலாம். மனம் உடைந்த பிள்ளையோ, என்ன செய்வதென்று அறியாத பெற்றோரோ 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். எந்தப் பிள்ளைக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098 இருக்கிறது. இவ்விரு எண்களும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதப்படும்.

கைப்பேசியைப் பற்றிப் பேசாமல் விட்டால் தாய்மார்கள் நம்மை விடமாட்டார்கள். அதைப் பிடுங்கி வைத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அவர் முகத்தைப் பார்ப்பதே அதில்தான், எப்படிப் பிடுங்குவது? பிள்ளை கைப்பேசியைக் கீழே வைப்பது, அதைவிடச் சுவையான ஒன்று வாசலில் நடக்கும்போதுதான். கிட்டிப்புள்ளும் பம்பரமும் பச்சைக்குதிரையும் பல்லாங்குழியும் தெரிந்த கடைசித் தலைமுறை இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறது. வயது அறுபதைக் கடந்த நம் பெரியவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் மதரஸா முற்றத்தில் வந்து நின்றால் போதும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை முப்பத்தொன்றாம் பிரிவில் சொல்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. ஆதலால் பகல் முழுவதையும் வகுப்புகளால் நிரப்பிவிட வேண்டாமென்று வகுப்பு நடத்தும் ஆலிம்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

வெளியூர் அழைத்துச் செல்லப் பணம் வேண்டும் என்பதும் இல்லை. நம் வட்டத்திலேயே திருவக்கரையில், கல்லாகிப் போன மரங்கள் இருக்கின்றன. இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானவை என்கிறார்கள். 1781-இலேயே ஐரோப்பிய அறிஞர் ஒருவர் அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாயிற்று. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உள்ளது. மே மாத வெயிலில் மலையேற்றம் ஆகாது. அதனை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியில் பறவைகள் வந்திறங்கும் பருவமும் அதுவே.

இவ்வளவுக்கும் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். கொரோனாவால் பள்ளியை இழந்திருந்த பிள்ளைகளுக்கு மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் கற்பித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதுமானவர்களாயிருந்தார்கள்; சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒருவர். திண்ணையிலும் மர நிழலிலும் நடந்தது. நம் மஹல்லாவிலும் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் பலர் உள்ளனர். அவர்களை யாரும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறோம்.

நிர்வாகக் குழுவின் ஏற்பாடு பின்வருமாறு. விடுமுறை தொடங்கும் வாரத்திலிருந்து ஜூன் திறப்பு வரை, வெள்ளி நீங்கலாக, காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை மதரஸாக் கூடம் திறந்திருக்கும். வாசலில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். பெயர் பதிந்த பிள்ளை பத்தரை மணிக்குள் வராவிட்டால், பொறுப்பாளர் வீட்டிற்குப் பேசுவார்; வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவார். எந்த நேரத்திலும் பொறுப்பில் இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள். தனியொருவர் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருப்பதற்கு இடமில்லை. அவர் எவ்வளவு மதிப்புக்குரியவராயினும் இவ்விதி மாறாது. 2012-இன் போக்சோ சட்டம் வந்த பிறகு எந்த நிறுவனமும் இதனைக் கூச்சப்பட்டு விட்டுவிட முடியாது. மதியம் சோறு; அதன்பின் ஒரு மணி நேரம் உறக்கமோ கதைப் புத்தகமோ; வெயில் தாழ்ந்தபின் விளையாட்டு. பக்கத்துத் தெருக்களின் மற்றச் சமயப் பிள்ளைகளும் வரலாம். ஏரிக்கு அவர்கள் சேர்ந்துதான் போகிறார்கள். இங்கும் சேர்ந்தே இருக்கட்டும்.

செலவைப் பைத்துல்மாலிலிருந்து எடுக்க வேண்டுமா, தனி நன்கொடையாகத் திரட்ட வேண்டுமா என்பதில் குழுவிற்குள் இரு கருத்து உள்ளது. உணவைத் தனி நன்கொடையாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்களில் பெரும்பாலோர் எண்ணம். கணக்கும் தனியே எழுதப்படும். உங்கள் கருத்தைக் கூட்டம் கலையுமுன் சொல்லிவிடுங்கள்.

கூடத்தின் மேசையில் மூன்று தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. முதலாவது, ஒரு நாள் உணவை ஏற்போருக்கு. நாற்பது வரிகள் உள்ளன. இரண்டாவது, கூடத்தில் பொறுப்பேற்கவும் நீச்சல் கற்பிக்கவும் முன்வருவோருக்கு. மூன்றாவது, பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோரின் கைப்பேசி எண், நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற விவரம். தாய்மார்கள் பகுதியிலும் இதே தாள்கள் உள்ளன. இஷாவுக்குப் பிறகு தாள்கள் சேகரிக்கப்படும். இன்று வராத வீடுகளுக்கு இளைஞர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வருவார்கள்.